எந்தப் பிரம்மதேசம்?

சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் நத்தத்தனார். அது போதவில்லை, நல்லூர் நத்தத்தனார் என்றார்கள். தமிழ் நிலத்தில் நல்லூருக்கா பஞ்சம்? அதுவும் போதாமல் ஏட்டில் அவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஆகிவிட்டார். நாடு, ஊர், ஆள் என்று அஞ்சல் முகவரியைத் தலைகீழாக எழுதியதுபோல் இருக்கிறது. இடைக்கழிநாடு இன்றைக்கும் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில் கடலுக்கும் கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு பேரூராட்சி அது. மரக்காணத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். பத்துப்பாட்டில் ஒன்றைப் பாடிய புலவரின் நாடு இது என்று அந்தப் பலகை சொல்லாது. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம்தான்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதைக் கூகுள் மேப் வந்தபின் முளைத்த தொல்லைபோல இப்போது பேசுகிறோம். சங்கப் பாட்டைத் தொகுத்தவனுக்கே அந்தத் தொல்லை இருந்திருக்கிறது. புறநானூற்றில் சோழன் ஒருவனோடு மற்போர் செய்தவனைக் குறிக்கும்போது, வெறுமனே ஆமூர் மல்லன் என்று விடவில்லை. முக்காவனாட்டு ஆமூர் மல்லன் என்று நாட்டையும் சேர்த்தார்கள். எந்த ஆமூர் என்று கேட்பார்கள் என்று தெரிந்திருக்கிறது.

கேட்டிருப்பார்கள். சிறுபாணாற்றுப்படையிலேயே இன்னொரு ஆமூர் வருகிறது. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் போகச்சொல்லி பாணனுக்கு வழிகாட்டும் பாட்டு அது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்பார்கள். கிடங்கில் திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே கிடங்கல் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் கிடங்கில் தலைமை ஊர், அதன் பக்கத்தில் புளியமரக்காடு. இன்று காட்டின் பெயர் நகரத்துக்கு, நகரத்தின் பெயர் ஒரு பகுதிக்கு. வேலூரும் ஆமூரும் எங்கே போயின? போகவில்லை. வேலூர் உப்புவேலூர் ஆயிற்று, ஆமூர் நல்லாமூர் ஆயிற்று என்பது அறிஞர்கள் கணிப்பு. மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உப்பு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆமூர்க் குடும்பம் பெரிது. செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் இன்னொரு சித்தாமூர், ஒன்றியத் தலைமையிடம். பண்ருட்டிக்கு அருகில் திருவாமூர், நாவுக்கரசர் பிறந்த ஊர். நல்ல, சிறிய, மேல், திரு என்று ஆளுக்கொரு அடையாளம். அந்தந்த ஊருக்குள் பேசிக்கொள்ளும்போது இதில் ஒன்றும் வேண்டாம். திருவாமூர்க்காரர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "திரு" போட்டுக்கொண்டிருக்க மாட்டார், "ஊரு" என்றாலே போதும். பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் சொல் ஊருக்குள்ளிருந்து வந்ததல்ல. வெளியே நின்று இரண்டு ஊர்களையும் ஒருசேரப் பார்த்தவன் வைத்தது. புலவன், வணிகன், அரசனின் ஓலை நாயகம், பிற்பாடு கலெக்டர். யார் வைத்தார்கள், எந்தப் பக்கம் நின்று வைத்தார்கள் என்பது அந்த ஒட்டுச் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

மேல், கீழ் விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். விழுப்புரம் மாவட்ட ஊர்ப் பட்டியலை எடுத்தால் பாதிப் பெயர் மேல், கீழில் தொடங்குவதாகத் தோன்றும். மேல்மலையனூர், மேல்சித்தாமூர், கீழ்மாவிலங்கை. மேல் என்றால் உசத்தி, கீழ் என்றால் மட்டம் என்று பட்டணத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மேல் மேற்கு, கீழ் கிழக்கு. செஞ்சி மலைகள் மேற்கே, வங்காள விரிகுடா கிழக்கே. சங்கராபரணியும் தென்பெண்ணையும் மேலிருந்து கீழாகத்தான் ஓடுகின்றன. தண்ணீர் பாயும் திசையை வைத்துப் பெயர் சூட்டியவன் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவன். அவனுக்கு எந்த ஊர் மேல்மடை, எது கடைமடை என்பது முக்கியம். இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த ரகம் இதுதான், யாரையும் புகழவுமில்லை, யாரையும் தாழ்த்தவுமில்லை.

மாவிலங்கையைச் சொன்னேன். நல்லியக்கோடனின் நாட்டைப் பாடும்போது நத்தத்தனார் ஒரு காரியம் செய்கிறார். கடலுக்கு அப்பால் இருக்கும் பழைய பெரிய இலங்கையின் பெயரைக் கருவிலேயே பெற்ற நல்ல மாவிலங்கை என்று அவன் ஊரைச் சொல்கிறார். அந்த இலங்கை வேறு, இந்த இலங்கை வேறு. ஆனால் பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டு ஊர்களுக்கு ஒரே பெயர் என்பதை மறைக்காமல், குழப்பம் என்று அலுத்துக்கொள்ளாமல், பெருமையாக எடுத்துவைத்த வேறு பழைய இடத்தை நான் படித்ததில்லை. புறநானூற்றிலும் ஓய்மான் வில்லியாதன் இலங்கைக்கு உரியவனாக வருகிறான். சட்டென்று படிக்கிறவர் இராவணனுக்கு ஒன்றுவிட்ட தம்பியோ என்று திகைக்கலாம். திண்டிவனம் வட்டத்துக் கீழ்மாவிலங்கையில் பல்லவர் காலத்துச் சிறிய குடைவரை ஒன்று இருக்கிறது. பாறையில் திருமால் நிற்கிறார். மாவிலங்கம் என்று ஒரு மரமும் உண்டு என்பதால், ஊர் மரத்தால் பெயர் பெற்றதா, தீவால் பெயர் பெற்றதா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். நத்தத்தனாருக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

இனி பிரம்மதேசத்துக்கு வருவோம். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பேருந்து நிலையத்தில் நின்று பிரம்மதேசத்துக்கு வண்டி எது என்று கேட்டால், "எந்த பிரம்மதேசம்ணா? எண்ணாயிரம் கிட்டயா, மரக்காணம் பக்கமா?" என்றுதான் பதில் கேள்வி வரும். ஒரே மாவட்டத்தில் இரண்டு. எண்ணாயிரத்துக்குப் பக்கத்துப் பிரம்மதேசத்தில் பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் என்று சோழர் காலக் கோயில்கள். மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசத்தைப் பேப்பர்க்காரர்கள் அதன் காவல் நிலையத்தை வைத்தே அறிவார்கள். மாவட்டத்தைத் தாண்டினால் செய்யாறு பக்கம் ஒன்று, அந்தியூர் பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரத்தருகே கைலாசநாதர் கோயிலோடு இன்னொன்று. செய்யாற்றுப் பிரம்மதேசத்தில்தான் முதலாம் இராசேந்திரன் இறந்ததும், அரசி வீரமாதேவி உடன்கட்டை ஏறியதும், அவர்கள் தாகம் தீர அவள் சகோதரன் தண்ணீர்ப் பந்தல் வைத்ததும் கல்வெட்டில் இருக்கின்றன. கங்கை கொண்டவன் எங்கே முடிந்தான் என்று தேடிப் போகிறவர்கள் வண்டி ஏறுவதற்குமுன் எந்தப் பிரம்மதேசம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனை பேருக்கு ஒரே பெயர் எப்படி? காரணம் எளிது. ஆமூர் ஒரு பெயர். பிரம்மதேசம் பெயரே அல்ல, நில உரிமையில் ஒரு வகை. பிராமணர்களுக்கு இறையிலியாகக் கொடுத்த ஊர் பிரமதேயம். வருவாய்த்துறைச் சொல் ஒன்று நாளடைவில் ஊர்ப்பெயராகக் கெட்டித்துப்போனது. அந்தக் காலத்தில் இந்த ஊர்களுக்கு முறையான பெயர் வேறு இருந்தது, அரசன் பெயரோடு சதுர்வேதிமங்கலம் என்று. எண்ணாயிரம் ராஜராஜச் சதுர்வேதிமங்கலம். சரி, அதுவாவது ஒன்றா? அம்பாசமுத்திரத்துப் பிரம்மதேசத்துக்குப் பக்கத்து மன்னார்கோயிலும் ராஜராஜச் சதுர்வேதிமங்கலம்தான். நடுநாட்டில் ஒரு சோடி, பாண்டி நாட்டில் அதே சோடி. அரசன் ஒருவன், தானம் பல. பெயர் மட்டும் ஒன்று. மண்டலம், வளநாடு, நாடு என்று கல்வெட்டுகள் அடுக்கிக்கொண்டே போவது வெறும் பகட்டு என்று தோன்றும். பகட்டும் உண்டு. ஆனால் அந்த அடுக்கு இல்லையென்றால் எந்த ஊர் நெல் எந்தக் கோயிலுக்கு அளக்கப்பட வேண்டும் என்பது யாருக்கும் விளங்காது.

எண்ணாயிரத்துக் கல்வெட்டு இந்தியக் கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் எடுத்தாள்வது. இராசேந்திரன் காலத்தில் அங்கே 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இருக்கு வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75 என்று இளையவர் 270 பேர். மேல்வகுப்பில் 70 பேர். அதில் இலக்கணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தத்துக்கு 10 பேர்தான். வேதாந்தத்துக்கு அப்போதே ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. இவர்கள் சாப்பாட்டுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் 45 வேலி நிலம். அஷ்டசகஸ்ரம் என்ற பிராமணப் பிரிவு எண்ணாயிரத்தின் பெயரை வடமொழியில் சுமந்துகொண்டு எங்கெங்கோ போயிற்று. ஊரில் பெருமாள் கோயிலும் வயலும் மிச்சம்.

45 வேலியை உழுதவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் இறை நீக்கிய இடங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. ஊருக்கு ஊர் இதே வரிசை. பிரமதேயம் ஒரு வகையென்றால் இதுவும் ஒரு வகை. அதற்கு மங்கலம் என்று முடியும் பெயர் இருந்தது, இதற்குப் பெயரே இல்லை. வகையின் பெயரே பெயர். ஊர்களின் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று நாம் வியக்கும்போது, எந்தப் பெயர் எல்லாவற்றையும்விட அதிகம் திரும்ப வருகிறது என்று பார்க்க மறந்துவிடுகிறோம். நல்லூர் அல்ல, பிரம்மதேசமும் அல்ல. சேரி. பிற்பாடு காலனி.

இதற்குள் போகுமுன் ஒரு சுற்று அயர்லாந்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. விலகல்தான். ஆனால் அந்தத் தேசம் நம் ஊர் வாசலுக்கு வந்துபோயிருக்கிறது.

1760 ஜனவரி 22. வந்தவாசியில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதின. பிரெஞ்சுத் தளபதி லல்லி, அயர்லாந்தில் கால்வே பகுதியிலிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறிய ஒருவரின் மகன். ஆங்கிலத் தளபதி அயர் கூட், அதே அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்தவர். இரண்டு அயர்லாந்துக் குடும்பத்துக்காரர்கள் தொண்டை மண்டலத்து வெயிலில் நின்று பிரான்சுக்காகவும் இங்கிலாந்துக்காகவும் சுட்டுக்கொண்டார்கள். கூட் ஜெயித்தார். அடுத்த சில வாரங்களில் திண்டிவனத்துக்குக் கிழக்கே பெருமுக்கல் மலைக்கோட்டையும் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு புதுச்சேரி விழுந்தது. தோற்ற லல்லியை 1766இல் பாரிஸில் தலைவெட்டினார்கள்.

லல்லியின் பட்டப்பெயர் தொலந்தால். அது தந்தைவழிப் பூர்வீகக் கிராமத்தின் பெயர் பிரெஞ்சு வாயில் உருண்டு வந்த வடிவம். அந்தப் பெயரின் முதல் பகுதி ஐரிஷ் மொழியில் சிறு குன்றைக் குறிக்கும். அயர்லாந்தில் இந்தக் குன்றுப் பெயர் அங்கிங்கெனாதபடி கிடக்கிறது. கிளேரில் டல்லா, கார்லோவில் டல்லோ, ஆஃபலியில் பெருங்குன்று என்ற பொருளில் டல்லமோர், டல்லி என்று தொடங்கும் சிற்றூர்களுக்குக் கணக்கேயில்லை. நம் நல்லூர்போலத்தான். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் நாடு அது. 1824இல் பிரிட்டிஷார் அங்கே நில அளவையைத் தொடங்கியபோது, இத்தனை டல்லிகளையும் எப்படி எழுதுவது, எதை எதிலிருந்து பிரிப்பது என்பது பெரிய வேலையாகிவிட்டது. ஜான் ஓ டோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய், கிழவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதைக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார். கடைசியில் வரைபடத்தில் ஏறியது ஆங்கில எழுத்துக்கூட்டல். இங்கே 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பின்வந்த எவரெஸ்ட் 1829இல் அயர்லாந்துக்கே போய், அங்கே பயன்பட்ட அளவுகோல் கருவியைப் பார்த்து, அதையே இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். ஒரே கை, ஒரே கோல். அங்கே ஓ டோனவனைப் போல ஒருவர் ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். இங்கே அந்த வேலை தாசில்தார் கச்சேரிக் கணக்கர்களிடம் போயிற்று.

புதுச்சேரியில் வெள்ளை நகரத்தில் லல்லி தொலந்தால் வீதி இன்னும் இருக்கிறது. கால்வேயின் சின்னஞ்சிறு குன்று ஒன்று, அயர்லாந்தில் தன் நூற்றுக்கணக்கான பங்காளிகளை விட்டுவிட்டு இங்கே வந்து தனியொரு பெயராக நிற்கிறது. இங்கே அதற்குப் போட்டியில்லை. எந்த தொலந்தால் என்று யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்துக் கச்சேரிக் கணக்கு எப்படி வேலை செய்தது என்பதற்குத் தென்னார்க்காட்டைவிட நல்ல சாட்சி இல்லை. ஆற்காடு வடார்க்காட்டில் இருந்தது. தென்னார்க்காட்டில் ஆற்காடு என்ற ஊரே கிடையாது, தலைநகரம் கடலூர். தனக்குள் இல்லாத ஊரின் தெற்காகவே ஒரு மாவட்டம் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது. 1993இல் அதிலிருந்து விழுப்புரம் பிரிந்து வந்தது, 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்துபோனது. ஒவ்வொரு பிரிவின்போதும் ஊர்களின் பெயர் மாறவில்லை. பெயருக்குப் பின்னால் எழுதும் வரி மாறிற்று. பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் "பிரம்மதேசம், திண்டிவனம் வட்டம், தென்னார்க்காடு மாவட்டம்" என்றிருக்கும். இன்று அதே வீடு வேறு மாவட்டம். 1972 சுதந்திர தினத்தன்று வந்த பின்கோடு இந்தத் தொல்லையை ஆறு எண்ணில் தீர்த்தது. திண்டிவனம் 604001, விழுப்புரம் 605602. ஒரே பெயரில் எத்தனை ஊர் இருந்தாலும் எண் குழப்பாது. 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எழுத்தைப் பற்றி அவ்வளவு சண்டை நடந்தது. பெயரைப் பற்றி நடக்கவில்லை.

பெயரைப் பற்றிய பேச்சு 2025 ஏப்ரலில் வந்தது. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஊர் ஒன்று, காலனி ஒன்று. பெயர்ப்பலகையில் "மேல்பாதி" என்றால் ஊர். "மேல்பாதி காலனி" என்றால் வேறு. பள்ளிக்கூடப் பதிவேடு, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், அரசுப் பேருந்து நிறுத்தம் எல்லாவற்றிலும் அந்த ஒட்டு. மேல்பாதி என்று சொன்னதும் 2023 ஜூன் நினைவுக்கு வரும். திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவது பற்றிய தகராறில் வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. வெளியூர்க்காரனுக்கு எல்லாம் ஒரே மேல்பாதிதான். கோயில் வாசலில் நின்றால் இரண்டு.

உப்புவேலூரின் உப்பும் மேல்சித்தாமூரின் மேலும் செய்த வேலை ஒன்று: தூரத்து ஊர்களைப் பிரித்துக் காட்டுவது. காலனி செய்த வேலை வேறு. ஒரே பெயருக்குள், நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்களைப் பிரிப்பது. பிரம்மதேசம் தானாக எடுத்த பெயர் அல்ல, தானம் கொடுத்தவன் வைத்தது. ஆனால் வாங்கியவர்கள் மகிழ்ச்சியோடு சூடிக்கொண்டார்கள். காலனியை யாரும் சூடிக்கொள்ளவில்லை. வேறு பெயர் கிடைத்தபோதெல்லாம் கழற்றிப் போட்டார்கள். அந்த அறிவிப்புக்கு வெகுகாலம் முன்பே பல காலனிகளில் இளைஞர்கள் கூடி, முனையில் நீலப் பலகை நட்டு, அம்பேத்கர் நகர் என்று எழுதினார்கள். பலகை உடைக்கப்பட்ட ஊர்களும் உண்டு, போலீஸ் காவலோடு திரும்ப நட்ட ஊர்களும் உண்டு. பதிவேட்டில் அது காலனி. கல்யாணப் பத்திரிகையில் அம்பேத்கர் நகர்.

இப்போது விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றி எத்தனை அம்பேத்கர் நகர்கள்! ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஊர்ப்பெயரைப் போட்டால்தான் தபால் போய்ச் சேரும். அதிகாரிகள் சிலர் இதைச் சுட்டிக்காட்டி, எல்லோரும் ஒரே பெயர் கேட்டால் எப்படி, பூவின் பெயரோ ஆற்றின் பெயரோ வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ராஜராஜச் சதுர்வேதிமங்கலத்துக்காரர்களிடம் எந்த அதிகாரியும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். நாட்டையும் வளநாட்டையும் முன்னால் சேர்த்து எழுதிக்கொண்டு போயிருப்பான். அம்பேத்கர் நகர்க்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். பெயரை விட்டுவிடு, எந்த அம்பேத்கர் நகர் என்பதை நீ எழுதிக்கொள்.